கள்ளிக்குப்பத்தில் படித்துக் காட்டிய கதை

அம்பத்தூர்
8-2-1937

மச்சான் கங்காதரனுக்கு,

பரந்தாமன் எழுதுவது. இங்கே யாருக்கும் தலைவலி கூட இல்லை. அங்கே உனக்கும் இருக்கக் கூடாது.

உன் உறை வந்து சேர்ந்தது. எனக்கு எழுதியதை நான் வைத்துக்கொண்டேன். உள்ளே மடித்து வைத்திருந்த அம்மா கடிதத்தை நேற்று கள்ளிக்குப்பத்துக்கு எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். பாடியிலிருந்து உன் மாமா வீராசாமியும் மகள் பூங்காவனத்தை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அவள் வழக்கம் போலக் கதவுக்குப் பின்னால். அடுத்த தை மாதம் வந்து பூங்காவனத்தைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ எழுதியிருந்த இடத்தை மாமா திரும்பவும் படிக்கச் சொன்னார். "தை தாண்டிச்சின்னா நான் வேற எடம் பாத்துடுவேன். பொண்ணுக்கு வயசு ஏறிகினு போவுது" என்றார். உன் அம்மா, "எம்புள்ள சொன்னா சொன்னதுதான்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். ஆகையால் தை வரைக்கும் கவலை இல்லை. அதற்குள் நீ வந்துவிடு.

உன் கடிதத்தை நான் எப்படிப் படிக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. பூவிருந்தவல்லி மிஷன் பள்ளியில் என்னோடு சேர்ந்து வாங்கிய அடி வீண் போகக் கூடாது என்று நீ இலக்கணத் தமிழில் எழுதுகிறாய். அதை அப்படியே படித்தால் உன் அம்மா, "யார்ரா இவன்? எம்புள்ள இப்டியா பேசும்?" என்கிறாள். அதனால் கண்ணால் எழுத்தைப் பார்த்துக்கொண்டே வாயால் நம் ஊர்ப் பேச்சாக்கி, உன் இழுப்போடு, உன்னைப் போலவே சொல்கிறேன். 'நான் நல்லா கீறேம்மா' என்று நான் சொன்னால் அவள் என் முகத்தைப் பார்த்து, "துன்னியா கண்ணு?" என்று கேட்கிறாள். நானும் தின்றேன் என்கிறேன். அந்த நேரத்துக்கு நீதான் அங்கே உட்கார்ந்திருக்கிறாய்.

இதிலிருந்துதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பட்டணத்தில் நான் புரூஃப் பார்க்கிற அச்சுக்கூடத்தில் 'மதிமாலை' என்ற மாதப் பத்திரிகை அச்சாகிறது. அதற்கு ஒரு கதை எழுதிக் கொடுத்தேன், போட்டுவிட்டார்கள். அக்கரைக்குப் போனவனின் கதை. 'அவன் கப்பலேறினான்' என்று எழுதினால் படிக்கிறவன் துறைமுகத்தில் நின்று கையசைப்பான். 'நான் கப்பலேறினேன்' என்று எழுதினால் படிக்கிறவனும் ஏறிவிடுகிறான். கப்பல், மழை, நீங்கள் குடியிருக்கிற லயம் எல்லாம் உன் கடிதங்களிலிருந்து எடுத்தவை. பிரதி ஒன்று தனியாக அனுப்புகிறேன். திட்டுவதாக இருந்தால் படித்துவிட்டுத் திட்டு.

உன்
பரந்தாமன்


நாலாங்கட்டைத் தோட்டம், ஈப்போ
21-3-1937

மச்சான்,

கதை வந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். நெய் என்னுடையது, தாராளம் உன்னுடையது. இருக்கட்டும்.

படித்துவிட்டு எனக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது. பிறகு கோபம் வந்தது. போன வருஷம் நம் திருவள்ளூர் வேம்புலியின் சேவலைப் பற்றி உனக்கு நாலு பக்கம் எழுதினேன். அது விடியுமுன் கூவித் துரையின் தூக்கத்தைக் கெடுத்ததும், பகலெல்லாம் அதைக் கூடையில் கவிழ்த்து வைத்து இரவு எது பகல் எது என்று புரியாமல் செய்ததும், கடைசியில் அது துரை சாப்பிட உட்கார்ந்த உச்சிப் பொழுதில் கூவியதும் எல்லாம் எழுதினேன். அதில் நீ எடுத்துக்கொண்டது என்ன? 'விடியாத இருட்டில் விழித்தேன்' என்று ஒரு வரி. சேவலைத் தின்றுவிட்டாய், இருட்டை மட்டும் பரிமாறிவிட்டாய்.

நாங்கள் இங்கே அழுவதுண்டு. ஆனால் அதே வேலையாக இருப்பதில்லை. உன் 'நான்' காலையில் அழுகிறான், ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது அழுகிறான், சம்பளம் வாங்கும்போதும் அழுகிறான். அவனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? நான் இந்தத் தோட்டத்துக் கிராணி, ஆள் கணக்கு எழுதுகிறவன். அவன் பெயரை முதல் நாளே அடித்திருப்பேன். வேம்புலிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "சோத்துக்கு மொளகா கடிச்சிகினே எழுதினாரா அந்த அய்யா?" என்று கேட்டான்.

இன்னொரு செய்தி, உனக்கு மட்டும். சமையல்கார ஆயா ஊருக்குப் போய்விட்டதால் ராஜம்மா என்ற பெண்ணிடம் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டேன். புருஷனை இழந்தவள், ஒரு பெண் குழந்தை. ஆவடிப் புளியெல்லாம் கப்பலேறி அவள் குழம்புக்கே வந்துவிட்டதோ என்று தோன்றும். நான் அங்கே சாப்பிடுவதற்கே லயத்தில் கேலி செய்கிறார்கள். கல்யாணச் சாப்பாடு எப்போது என்று வேம்புலி கேட்கிறான். அம்மாவுக்கு இதைப் படிக்காதே. அவளுக்குக் கேலி புரியாது, பூங்காவனத்துக்கும் வீண் மனக்கஷ்டம்.

பூங்காவனம் கதவுக்குப் பின்னால் நின்றாள் என்று எழுதியிருந்தாய். எந்தப் பக்கத்துக் கதவு, சிரித்தாளா இல்லையா என்று எழுதியிருக்கலாம். கதாசிரியன் என்று பெயர், வேண்டியதை எழுதத் தெரியவில்லை.

கங்காதரன்


அம்பத்தூர்
13-6-1937

மச்சான்,

சேவலைப் போட்டால் கதை கோழிப்பண்ணை ஆகிவிடும். நீ சிரித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் சிறுகதைக்கு இடம் குறைவு, ஒரு வீட்டுக்கு ஒரு வாசல் போல ஒரு கதைக்கு ஒரு உணர்ச்சிதான். கடல் கடந்து போனவன் சிரித்தான் என்று படிக்க எவன் இரண்டணா கொடுப்பான்? 'மதிமாலை' ஆசிரியர் சொன்னார்: "உங்கள் பலமே அந்தப் பெயரில்லாத 'நான்'. அவனை விட்டுவிடாதீர்கள்." பெயர் வைத்தால் அவன் ஒருத்தன். வைக்காவிட்டால் கப்பலேறின எல்லோரும் அவன்தான். இதை யோசித்துப் பார்.

இந்தத் தடவை இன்னும் துணிந்துவிட்டேன். போன கதையில் விவரங்களும் உன்னுடையவை, முடிவும் வெறுமனே உன் நிலைமைதான். புதிய கதையில் விவரங்கள் எல்லாம் நிஜம், முடிவு மட்டும் கற்பனை. தரை உறுதியாக இருந்தால்தான் குதிக்க முடியும். உன் ராஜம்மாவைக் கொஞ்சம் இரவல் வாங்கிக்கொண்டேன், கோபிக்காதே, பெயரெல்லாம் இல்லை. 'நான்' அவள் கையால் சாப்பிடப் போகிறான். குழந்தை அவனை அப்பா என்று கூப்பிட்டுவிடுகிறது. ஊரில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்று தெரிந்தும் அவன் அங்கேயே தங்கிவிடுகிறான். 'எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் இனி அந்தக் கரைக்கு வரமாட்டேன்.' இதுதான் கடைசி வரி. எழுதி முடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆசிரியர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆடி இதழில் வருகிறது.

அம்மாவுக்கு இரண்டு தபாலாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. என்னைக் கண்டால், "கடுதாசி வந்துச்சா நைனா?" என்பதுதான் பேச்சு. சீக்கிரம் எழுது.

பரந்தாமன்


அம்பத்தூர்
9-8-1937

மச்சான்,

ஏன் இத்தனை நாள் மௌனம்? கோபமா, வேலையா? கோபமாக இருந்தாலும் இந்தக் கடிதத்தைப் படி. இப்படி ஒரு நாள் எனக்கு வாய்க்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இதழ் சனிக்கிழமை கைக்கு வந்தது. நேற்று நேராகக் கள்ளிக்குப்பம் போனேன். ஆடிக் கூழுக்கு வீராசாமி மாமா வீட்டோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உன் அம்மா, "எம்புள்ள கிட்டேர்ந்து வந்துச்சா?" என்று ஓடி வந்தாள். "அக்கரையிலேர்ந்து ஒண்ணு வந்துகீது, ஒக்காந்து கேளுங்க" என்றேன். முன்னுரை சொன்னால் கதை செத்துவிடும். நல்ல கதை கதவைத் தட்டாமல் உள்ளே வர வேண்டும். அதனால் வேறு ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகை ஓரம் நான் எப்போதும் உட்கார்கிற கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தேன், 'நான்' என்று ஆரம்பித்தேன். அச்சுத் தமிழ் அவர்களுக்கு எட்டாதே என்று, வழக்கம் போல வாய்க்கு வாய் நம் பேச்சாக மாற்றிக்கொண்டே போனேன்.

மச்சான், அந்த வீட்டில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. உன் அம்மா பாதியிலேயே முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். கடைசி வரி வந்தபோது அவள் அழுத அழுகையை நான் எந்தச் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை. மாமா கூழ்ச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பிறகு என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கிப் புரட்டினார். "இத்த எத்தினி பேரு படிப்பாங்க?" என்று கேட்டார். "ரெண்டாயிரம் பேரு" என்றேன். எழுத்தறியாத மனிதருக்குக்கூட அச்சின் மேல் எவ்வளவு மரியாதை பார். பூங்காவனம் கதவை விட்டுக் கிணற்றுப் பக்கம் போய்விட்டாள்.

நான் புறப்படும்போது உன் அம்மா, "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும், போ" என்றாள். கேட்டவர்கள் அழுதுகொண்டே வாழ்த்தினால் அதைவிட ஒரு எழுத்தாளனுக்கு என்ன வேண்டும்? என் மனம் நிறைந்துவிட்டது.

நாளையிலிருந்து தீபாவளி மலர் வேலை. ஒரு மாதம் பட்டணத்தில் அச்சுக்கூட மாடியிலேயே தங்க வேண்டும். கடிதத்தை வழக்கம் போல அம்பத்தூருக்கே போடு.

பரந்தாமன்


நாலாங்கட்டைத் தோட்டம்
16-8-1937

மச்சான்,

ஏன் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். கோபமும் இல்லை, வேலையும் இல்லை. மலேரியா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பேனா பிடித்தால் கை கதகளி ஆடியது. அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் நீ படிக்கும்போதே முகம் மாறும், அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று எழுதாமல் இருந்தேன். இப்போது எழுந்துவிட்டேன். வேம்புலி தன் சேவலை அடித்து எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தான். உன் கதையில் சேராதது என் வயிற்றில் சேர்ந்தது.

நல்ல செய்தி. லீவு கிடைத்துவிட்டது. மார்கழியில் பினாங்கில் கப்பலேறுகிறேன், பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன். பூங்காவனத்துக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தனியாக எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். உடனே போய்ப் படித்துக் காட்டு. உன் நடிப்பையெல்லாம் இதில் காட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஜூன் மாதக் கடிதத்தில் நீ எழுதியிருந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் அச்சாகவில்லையென்றால் மாற்று. உன் கதைகளில் ஏன் ஒருவன்கூடத் திரும்பி வருவதில்லை? இங்கே ஒவ்வொரு கப்பலும் டிரங்குப் பெட்டியும் கிராமபோனும் குடையுமாக ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் போகிறது. திரும்பி வருகிறவனைப் பற்றி எழுதினால் கதை கெட்டுவிடுமா?

கங்காதரன்


நாலாங்கட்டைத் தோட்டம்
25-8-1937

பரந்தாமா,

ஆடி மாதம் நீ எழுதிய கடிதம் இப்போதுதான் வந்தது.

கதை என்று சொல்லிவிட்டுப் படித்தாயா? நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் சொல்லவில்லை என்றுதான் தெரிகிறது. என் அம்மா தன் வாழ்நாளில் தாளிலிருந்து கதை கேட்டதில்லை. கூத்து பார்த்திருக்கிறாள், அதில் வேஷம் கட்டியிருப்பார்கள். நீ என்ன வேஷம் கட்டிக்கொண்டு போனாய்? அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, தாளைப் பார்த்து, 'நான்' என்று நீ சொன்னால் அது நான்தான். அவள் கதைக்கு அழவில்லை, முட்டாள்.

மாமா கூழை வைத்துவிட்டு எழுந்தார் என்று எழுதியிருக்கிறாய். அவர் சோற்றை விட்டு எழுகிற மனிதரா?

தந்தி கொடுக்கப் புறப்பட்டேன். தந்தி என்றால் நம் ஊரில் சாவு. நீ இல்லாத உன் வீட்டுக்குக் கொடுத்தாலும் படித்துச் சொல்ல ஆள் தேடுவதற்குள் ஊரே மாரடித்துவிடும். பெண்ணைக் கொடுப்பது பானை வாங்குவது போலவா, மாமா நாலு இடம் பார்க்காமல் செய்வாரா என்று மனதைத் தேற்றிக்கொண்டு இந்தக் கடிதம் எழுதுகிறேன். கண்டதும் ஓடு. முதலில் பாடிக்குப் போ, பிறகு அம்மாவிடம் போ. நான் தையில் வருகிறேன் என்று சொல். இந்த ஒரு தடவை அலங்காரம் எதுவும் செய்யாதே.

கங்காதரன்


அம்பத்தூர்
13-9-1937

கங்காதரா,

உன்னை மச்சான் என்று கூப்பிட வாய் வரவில்லை.

நேற்றுத்தான் பட்டணத்திலிருந்து வீட்டுக்கு வந்தேன். உன் இரண்டு கடிதங்களையும் அப்பா பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார். நின்றபடியே இரண்டையும் படித்தேன். செருப்பைக்கூட மாட்டாமல் பாடிக்கு நடந்தேன்.

பூங்காவனத்துக்குப் போன வாரம் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை பட்டாபிராம் தசரதன். உழவு மாடும் வண்டியும் உள்ளவன், நல்லவன் என்கிறார்கள்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "கடுதாசில சொல்லியிருந்தான்னா ஊட்டோட போயிருக்கும், நானும் ஆற அமர கேட்டிருப்பேன்" என்றார். "அவன் அச்சடிச்சி ரெண்டாயிரம் பேருக்கு சொல்லிட்டானேன்னு நெனச்சேன். இன்னாருக்குப் பேசின பொண்ணு வாணாம்னு பேப்பர்ல போட்டப்புறம், அவள ஊட்ல வெச்சிகினு நான் இன்னா பண்றது? நாலு பேரு காதுக்குப் போறதுக்கு முன்னாடி முடிச்சிடணும்னு ஓடினேன். தசரதன் ஊட்ல எழுத்து தெரிஞ்சவங்க யாரும் இல்ல. அதான் அந்த எடம் பாத்தேன்."

அவர் அச்சை மதித்துக் கேட்டார் என்று நான் உனக்கு எழுதியிருந்தேன். அந்த வரியை நீயே அடித்துவிடு.

கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. உன் கூட்டாளி முகத்தில் விழிக்க அவர்களுக்குக் கஷ்டமாக இருந்ததாம். எனக்காக அவர்கள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் உன் அம்மாவிடம் போனேன். நீ தையில் வருவதாக எழுதிய கடிதத்தைப் படித்தேன், எழுத்தில் இருந்தபடியே, எதையும் மாற்றாமல். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ அந்தப் பொம்பள?" என்றாள்.

"எந்தப் பொம்பள?"

"நீதான நைனா படிச்ச. அந்தப் பொம்பளையும் கொழந்தையும்."

"அது கதைம்மா. நான் எழுதினது."

"நீ எழுதினியா?" என்றாள். "அவங்கொரலாட்டமே சொன்னியே. அவனாட்டமே இழுத்து இழுத்து சொன்னியே."

காலில் விழுந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

நான் உங்கள் வீட்டில் பேசிய குரல் இரவல் குரல். அதை எனதென்று நினைத்துவிட்டேன். ஒரு வார்த்தை, 'இது கதை' என்ற ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அழகு கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. அந்த அழகுக்காக உன் வாழ்க்கையைக் கெடுத்தேன். என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பரந்தாமன்


நாலாங்கட்டைத் தோட்டம்
10-10-1937

பரந்தாமா,

திட்டி எழுதியதைக் கிழித்துவிட்டேன். அதில் நாலு வரி நன்றாக வந்திருந்தது, நீ கதையில் சேர்த்துவிடுவாய்.

உன் கடிதம் வந்த அன்று அழுதேன். வேம்புலி பார்த்துவிட்டான். யார் செத்தது என்று கேட்டான். ஒருவரும் சாகவில்லை, ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது என்றேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். உன் 'நான்' எப்போதும் தனியாகத்தான் அழுகிறான், உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தந்தி கொடுக்கப் புறப்பட்டவன் உட்கார்ந்துவிட்டேனே, அதை என்னால் தாங்க முடியவில்லை. கொடுத்திருந்தால் எங்கேயாவது யாராவது படித்திருப்பார்கள். ஊர் பதறுமே என்று பார்த்தேன். காய்ச்சலில் கிடந்தபோது கோணல் கையெழுத்தானாலும் இரண்டு வரி அம்மாவுக்குக் கிறுக்கியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவன் நீ மட்டுமில்லை.

லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்தப் பொங்கலுக்கு வரவில்லை. அவள் அத்தை வீட்டுக்கு வருவாள், அங்கே நான் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பேன்? பட்டு பெட்டியில் கிடக்கிறது. உன் கதைக்காரனாக இருந்தால் அதை ராஜம்மாவுக்குக் கொடுத்திருப்பான். நான் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் அவளிடம் சாப்பிடுவதும் இல்லை. அவள் என்ன தப்பு செய்தாள், பாவம், ஆனால் அந்தக் குழம்பு இறங்கவில்லை.

அம்மாவுக்கு இனியும் நீயே படி. வேறு யாராவது படித்தால் அவளுக்கு நான் வேற்று ஆளாகிவிடுவேன். உன்னை விட்டால் எனக்கு அங்கே வாய் இல்லை. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று உனக்குத் தெரியட்டும்.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். மாமா பேசியது இருக்கிறது, அம்மா பேசியது இருக்கிறது. பூங்காவனம் நின்றாள், போனாள் என்று மட்டும் இருக்கிறது. அவள் ஒரு வார்த்தை பேசியதாக நீ எழுதவே இல்லை, நானும் கேட்டு எழுதச் சொல்லவில்லை. அவள் என்ன நினைத்தாள்? தேடிப் போய்க் கேட்காதே. அவள் இன்னொருவன் மனைவி. தானாகப் பேசினால் கேட்டுக்கொள். அவள் சொன்னதை அவள் சொன்னபடி எழுது.

கங்காதரன்


அம்பத்தூர்
18-1-1938

கங்காதரனுக்கு,

மாதம் தவறாமல் உன் அம்மாவுக்குப் படித்து வருகிறேன். முன் போல உன் குரலில் சொல்லும்படி அவளே கேட்டாள். சொல்கிறேன். ஆனால் நடுவில் கையைக் காட்டி நிறுத்தி, "இத்த அவன் சொல்றானா, நீ சொல்றியா?" என்று கேட்கிறாள். "அவன்தாம்மா" என்றதும் தலையை ஆட்டுகிறாள். அடுத்த வரியில் மறுபடியும் கேட்கிறாள். எனக்கு இது வேண்டியதுதான்.

கதை எழுதுவதை விட்டுவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசை. விடவில்லை. 'அவன்' என்று போட்டு எழுதிப் பார்க்கிறேன், மரக்கட்டை போல நிற்கிறது. ஆசிரியர் என் பழைய 'நான்' எங்கே என்று கேட்கிறார். ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

காணும் பொங்கலன்று கள்ளிக்குப்பம் போயிருந்தேன். பூங்காவனம் புருஷனோடு அத்தையிடம் ஆசி வாங்க வந்திருந்தாள். தசரதன் மாமாவோடு காளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உனக்குக் கொடுத்த வார்த்தைப்படி அவள் பக்கமே திரும்பவில்லை. வைக்கோல் போரிலிருந்து கன்றுக்கு உருவிக்கொண்டிருந்தவள், அவளாகத்தான் கூப்பிட்டாள். நீ கேட்டபடி, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாத்தே, அக்கரையில மாமா நல்லா கீறாரா?"

"நல்லா கீறாம்மா." அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மனம் கேட்கவில்லை. "அன்னிக்கி நான் படிச்சது கடுதாசி இல்லம்மா, கதை. நீங்கள்லாம் கடுதாசின்னு நெனச்சிட்டீங்க. முன்னாடியே நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"எனுக்குத் தெரியும்" என்றாள்.

போகத் திரும்பியவன் நின்றுவிட்டேன்.

"கடுதாசின்னா ஒத்தத் தாளு. அன்னிக்கி நீ பொஸ்தவம் வெச்சிகினு இருந்த. பெரியவங்களுக்குத் தெரில. எனுக்குக் கதைன்னு அப்பவே தெரிஞ்சிச்சி."

"தெரிஞ்சா ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? அதுல வந்த கப்பலு, மழ, லயம் எல்லாம் மாமா எழுதி நீ படிச்சதுதான. எல்லாம் நெசமா இருந்திச்சி. அந்தப் பொம்பள மட்டும் பொய்னு நான் எத்த வெச்சி நெனைக்கறது? ஒரே கவர்ல உனுக்கொரு கடுதாசி வருமே, அத்த நீ எங்களுக்குப் படிக்க மாட்டியே. அதுல எழுதியிருப்பாரு, எங்ககிட்ட நேரா சொல்ல வாய் வராம நீ கதையாட்டம் சொல்றேன்னு நெனச்சேன்."

அவர்கள் எழுத்தறியாதவர்கள், கதையைக் கடிதம் என்று நினைத்துவிட்டார்கள் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அந்த வீட்டில் ஒருத்தி அதைக் கதையென்று தெரிந்தே கேட்டிருக்கிறாள். தெரிந்தும் நம்பியிருக்கிறாள். தரை உறுதியாக இருந்தால்தான் குதிக்க முடியும் என்று நான் எழுதினேனே, அந்தத் தரையில் நின்றது அவள்தான்.

தசரதன் கூப்பிட்டான். அவள் வைக்கோலைக் கன்றின் முன்னால் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். போகிறவள் திரும்பி, "அந்தக் கொழந்தைக்குக் கடைசில ஜொரம் வந்து கெடந்துச்சே அண்ணாத்தே, வுட்டுப் போச்சா?" என்று கேட்டாள்.

அந்த ஜுரம் நான் வைத்தது. அவன் அங்கேயே தங்குவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, அச்சுக்கூட மாடியில் உட்கார்ந்து வைத்தேன். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"வுட்டுப் போச்சும்மா. இப்போ நல்லா ஓடி ஆடுது" என்றேன்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் புருஷனோடு போனாள்.

பரந்தாமன்